மீன் சாப்பிடலாமோ?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஓலைத்தொடுவாயில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் தலைப்புக் கேட்டபோது, "இரசாயனப் பாதுகாப்பு விதிகளும் நியமப் பரிசோதனை முறைகளும்" என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னுக்கு வைப்பமோ, பின்னுக்கு வைப்பமோ?" என்று கேட்டார். முன்னுக்கு வைத்ததற்கு நன்றி. பின்னுக்கு வைத்திருந்தால் நான் உங்கள் நித்திரைக்குத்தான் உரை ஆற்றியிருப்பேன்.

தலைப்பை மாற்றிவிட்டேன். நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்துக்கொண்டேன். 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கொள்கலன் கப்பல் மூழ்கியது. யூன் மாதத்தில் அதிலிருந்து கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் மன்னார்க் கரையிலும் வடகரையின் வேறு இடங்களிலும் ஒதுங்கின. சவ்வரிசி போல, தொட்டால் வழுக்கும். பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைகளுக்குப் போகிற மூலப்பொருள் அது. அந்தக் கிழமை இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பேசாலையிலிருந்தும் எனக்கு வந்த செய்தி ஒன்றுதான்: "நீர் ஆய்வுகூடத்தில இருந்தனீர்தானே, மீன் சாப்பிடலாமோ?"

கொழும்பில் ஒரு பரிசோதனை ஆய்வுகூடத்தில் பல வருடம் உணவும் தண்ணீரும் சோதித்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், "சாப்பிடலாமோ" என்ற கேள்வியை எந்தக் கருவிக்குள்ளும் போட முடியாது. ஆய்வுகூடம் விளங்கிக்கொள்ளும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். எந்தப் பொருளைத் தேடுகிறீர்கள்? எந்த மீன்? அதன் எந்தப் பகுதி? எத்தனை மீன் எடுத்தீர்கள்? எந்த முறையால் அளக்கவேண்டும்? கிடைக்கும் எண்ணை எந்த எல்லையோடு ஒப்பிடவேண்டும்? இவ்வளவையும் முன்கூட்டியே எழுதி, எல்லோரும் ஒத்துக்கொண்டு, அச்சில் வைத்திருப்பதைத்தான் நியம முறை என்கிறோம். இந்தக் கேள்விகளை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்தேன்.

நண்டில் தொடங்குகிறேன். மன்னாரில் நண்டைப் பற்றிப் பேசினால் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள்.

எங்கள் கடலில் பிடிக்கும் நீலக்கால் நண்டு வெளிநாட்டுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் நண்டில் கட்மியம் என்ற உலோகம் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நல்ல விதி. ஆனால் அந்த எல்லை நண்டின் எந்தப் பகுதிக்கு? கால்களிலும் கொடுக்குகளிலும் இருக்கும் வெள்ளைத் தசைக்கு மட்டும். ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளும் கபிலமுமான பகுதி அந்தக் கணக்கில் இல்லை. கட்மியம் கூடுதலாகச் சேர்வதோ அங்கேதான், ஏனென்றால் நண்டின் ஈரல் போல வேலை செய்வது அது. விதியை எழுதியவர்கள் தங்கள் மக்கள் பெரும்பாலும் கால் சதையைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து எழுதினார்கள். அதில் பிழை இல்லை. ஓட்டுப் பகுதியைப் பற்றி அவர்கள் தங்கள் நுகர்வோருக்குத் தனியாக எச்சரிக்கையும் செய்திருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? ஓட்டைப் பிளந்து அந்த மஞ்சளை வழித்து, யாருக்கு என்று சண்டை பிடித்து, கடைசியில் வீட்டில் சின்னப்பிள்ளைக்குக் கொடுக்கிறோம். "ஏற்றுமதித் தரம்" என்ற சான்றிதழ் அந்த நண்டுக்கு இருந்தாலும், அந்தப் பிள்ளை சாப்பிடும் பகுதியைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எங்கள் நண்டு நஞ்சு என்று நான் சொன்னதாக நாளைக்குச் செய்தி பரப்பவேண்டாம். அந்த எண் வேறொருவருடைய சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி பிழைத்தால் சரியான எண்ணும் ஆளைக் கொல்லும். அதற்குச் சான்று பால்மா. 1883 இல் டென்மார்க்கில் ஜொஹான் கெல்டால் என்ற இரசாயனவியலாளர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். உணவை அமிலத்தில் கொதிக்கவைத்து அதிலுள்ள நைதரசனை அளப்பது. புரதத்தில் நைதரசன் இருப்பதால், நைதரசன் அளவை 6.38 ஆல் பெருக்கினால் பாலின் புரதம் வந்துவிடும். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் அதுவே நியம முறை. ஆனால் அது புரதத்தை அளப்பதில்லை, நைதரசனைத்தான் அளக்கிறது. இதை ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, ஏமாற்றுகிறவர்களும் அறிந்திருந்தார்கள். சீனாவில் தண்ணீர் கலந்த பாலுக்குள் மெலமைன் போட்டார்கள். மெலமைனின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். பரிசோதனையில் பால் தேறியது. 2008 இல் வெளிச்சத்துக்கு வந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள்; ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஆய்வுகூடங்களில் எவரும் கருவியைப் பிழையாக வாசிக்கவில்லை. எண் சரி. "புரதம் இருக்கிறதா" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு "நைதரசன் இருக்கிறதா" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து, 2010 இல், கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவு நியம ஆணைக்குழு குழந்தைப் பால்மாவில் மெலமைன் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று எல்லை வைத்தது.

அடுத்தது எங்கள் நாட்டில் நடந்தது. 2013 ஓகஸ்டில் கடைகளில் அங்கர் பால்மாவை இறாக்கையிலிருந்து இறக்கியது ஞாபகம் இருக்கும். நியூசிலாந்தில் பசும்புல் நிலங்களில் டி.சி.டி. என்ற ஒரு பொருளைத் தெளித்துவந்தார்கள். உரத்திலுள்ள நைதரசன் ஆறுகளுக்குள் கழுவுப்பட்டுப் போகாமல் தடுப்பதற்கு. அதன் சுவடு பாலில் இருப்பது அந்த வருடத் தொடக்கத்தில் வெளியே வந்தது. இங்கே கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் சோதித்து, இருக்கிறது என்றது. சுகாதார அமைச்சு மீளப்பெறச் சொன்னது. பொன்ரெரா நிறுவனம் தங்கள் பரிசோதனையில் இல்லை என்றது. இங்கே செய்த பரிசோதனையைக் கேள்விக்குட்படுத்தியது. வழக்கு, தடை உத்தரவு, ஆர்ப்பாட்டம் எல்லாம் நடந்தன. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கவனிக்கவேண்டியது என்னவென்றால், பாலில் டி.சி.டி.க்கு அப்போது கோடெக்ஸ் எல்லை எதுவும் இருக்கவில்லை. அதற்குமுன் ஒருவரும் பாலில் அதைத் தேடவில்லை. தேடாத பொருளுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட முறை எங்கிருந்து வரும்? ஒத்த முறை இல்லாத இடத்தில் இரண்டு ஆய்வுகூடங்கள் இரண்டு பதில் சொன்னால், பதிலைப் பற்றிய சண்டை கொஞ்ச நேரத்தில் ஆளைப் பற்றிய சண்டையாகிவிடும். பிள்ளைக்குப் பால் கரைக்கக் கையில் கரண்டியோடு நின்ற தாய்க்கு அந்தச் சண்டையால் ஒரு பயனும் இல்லை.

ஒத்த முறை இருந்தாலும் எண்கள் கொஞ்சம் வேறுபடும். இதை இங்கே இருக்கும் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் உயர்தர வகுப்பிலேயே பார்த்திருப்பார்கள். அயடீனைச் சோடியம் தயோசல்பேற்றால் நியமிக்கும் செய்முறை. ஐந்து பேர் ஒரே போத்தலிலிருந்து எடுத்துச் செய்தால் ஐந்து வாசிப்பு வரும். மன்னார் உப்பளத்து உப்பில் அயடீன் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதே செய்முறைதான். உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது இந்த நாட்டில் 1995 முதல் கட்டாயம். உப்பைக் கரைத்து, அமிலம் விட்டு, பொற்றாசியம் அயடைட்டுச் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். அளவியிலிருந்து தயோசல்பேற்றைத் துளித்துளியாக விடவேண்டும். மஞ்சள் வெளிறிய பிறகுதான் மாப்பொருள் கரைசலைச் சேர்க்கவேண்டும். முந்திச் சேர்த்தால் மாப்பொருள் அயடீனை இறுகப் பிடித்துக்கொள்ளும். நீலம் போவது பிந்தும். உப்பில் இருப்பதைவிடக் கூடுதலான எண் வரும். "எப்போது சேர்ப்பது" என்ற அந்த ஒரு வரி முறையில் இல்லாவிட்டால், நல்ல உப்பும் கெட்ட உப்பும் செய்கிற ஆளின் பொறுமையைப் பொறுத்துத் தீர்மானமாகும்.

எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ஹோர்விட்ஸ் என்பவர், பல ஆய்வுகூடங்கள் ஒரே மாதிரியை ஒரே முறையில் சோதித்த முடிவுகளை அடுக்கிப் பார்த்து 1980 இல் ஓர் ஒழுங்கைக் காட்டினார். பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அளக்கும்போது ஆய்வுகூடங்களுக்கு இடையில் ஏறக்குறைய 16 வீத விலகல் இயல்பு. நூறு கோடியில் ஒரு பங்கு என்று இறங்கினால் ஏறக்குறைய 45 வீதம். ஆகையால் "அங்கே 10, இங்கே 13, யாரோ பொய் சொல்கிறார்கள்" என்று துள்ளுவதற்கு முன், எந்த அளவில் தேடினார்கள் என்று கேட்கவேண்டும். நம்பகமான ஆய்வுகூடம் எதற்கும் ஆதாரம் வைத்திருக்கும். ஒன்றுமே இல்லாத வெற்று மாதிரியைச் சோதித்ததா, அளவு தெரிந்த மாதிரியைச் சோதித்து அதே எண்ணைத் திரும்பப் பெற்றதா, வேறு ஆய்வுகூடங்களோடு ஒப்பீட்டுப் பரிசோதனையில் பங்குபற்றியதா என்று கேட்டால் தாளை எடுத்துக் காட்டவேண்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபை மீன் புரதத் தூளையே அளவு நிச்சயித்துச் சின்னப் போத்தலில் விற்கிறது. இரசம், கட்மியம் எவ்வளவு என்று போத்தலோடு வரும் சான்றிதழில் இருக்கும். உங்கள் கருவி அந்த எண்ணைச் சொல்லாவிட்டால், அன்றைக்குக் கரையிலிருந்து வந்த மீனைத் தொடவே கூடாது.

இனி மாதிரி எடுப்பது. வீட்டில் சூரையோ கும்பிளாவோ சாப்பிட்டு முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடித்தால் "ஒவ்வாமை" என்று சொல்லிவிடுகிறோம். பல வேளை அது ஹிஸ்ரமின். சூரை, கும்பிளா, சூடை, நெத்தலி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் தசையில் பக்ரீரியா உண்டாக்குவது. ஒருமுறை உண்டானால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. இதற்கு ஐரோப்பிய விதி ஒரு மீனைப் பார்த்து முடிவுசெய்ய விடாது. ஒரு தொகுதியில் ஒன்பது மாதிரி எடுக்கவேண்டும். சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரண்டு மாதிரி மட்டும் 100 க்கும் 200 க்கும் இடையில் இருக்கலாம். ஒன்றுகூட 200 ஐத் தாண்டக்கூடாது. ஏன் ஒன்பது? ஒரே கூடையில் மேலே வெயில்பட்ட மீனும் கீழே ஐஸ் பட்ட மீனும் ஒன்றல்ல. மேலே இருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் முழுக் கூடையையும் கழிப்பதும் அநியாயம், அடியிலிருந்து ஒன்றை எடுத்து முழுக் கூடையையும் தேற்றுவதும் அநியாயம். கரையில் மீன் தெரிந்து பிரிக்கும் பெண்களுக்கு இது சொல்லாமலே தெரியும். அவர்கள் கை போய்ப் பார்க்கிற இடம் கூடையின் நடு.

இப்போது மணிகளுக்கு வருவோம். கப்பலில் என்ன இரசாயனம் இருந்தது, அது கடலுக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் பாதுகாப்புத் தாள்களில் மீனுக்கு எவ்வளவு நச்சு என்று ஓர் எண் இருக்கும். அது வருவது பெரும்பாலும் ஓ.ஈ.சி.டி. அமைப்பின் 203 ஆம் இலக்கப் பரிசோதனை முறையிலிருந்து. மீன்களை 96 மணித்தியாலம் அந்த இரசாயனம் கலந்த நீரில் விட்டு, அரைவாசி மீன்கள் சாகும் செறிவைக் காண்பது. இந்த முறைகளால் பெரிய நன்மை உண்டு. ஒரு நாட்டில் ஒழுங்காகச் செய்த பரிசோதனையை மற்ற நாடு ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று 1981 இல் உடன்பட்டதால், ஒரே பொருளுக்காகத் திரும்பத் திரும்ப மீன்களைக் கொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த முறை பரிந்துரைக்கும் மீன்களைப் பாருங்கள். வானவில் ட்ரவுட், வரிக்குதிரை மீன், கெண்டை, யப்பானிய மெடக்கா, நுளம்புக் குடம்பி தின்ன நாங்கள் கிணற்றில் விடும் கப்பி மீன். பிறகு சேர்த்த சில கடல் மீன்களும் ஐரோப்பாவினதும் யப்பானினதும். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். ஒராவும் திரளியும் எங்கள் வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலில் அதே செறிவை எப்படித் தாங்கும் என்று அந்த எண் சொல்லாது. எவரும் சதி செய்யவில்லை. தங்கள் கடலில் இருப்பதை அவரவர் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் கடலில் இருப்பதைக் கொண்டுபோக ஆள் இருக்கவில்லை.

இதற்கு முன்னைய கப்பலை மறந்திருக்கமாட்டீர்கள். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ள். 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். மேற்குக் கரையில் ஒரு பகுதிக்கு மீன்பிடித் தடை. தடை இல்லாத இடத்து மீனையும் சனம் வாங்கப் பயந்தது. அப்போது செய்த ஆய்வுகளில் ஒன்று எரிந்த பிளாஸ்டிக் துண்டுகளின் இரசாயனக் கலவை எரியாத மணிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிக்கலானது என்று கண்டது. ஆகவே "பிளாஸ்டிக் மணி" என்று ஒரே பெயர் எழுதி ஒரே பையில் போட்டால் அந்த மாதிரி வீண். நான்கு வருடம் கழித்து, 2025 யூலை 24 இல், உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. இப்படியான வழக்கு எங்கே நடந்தாலும் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கப்பல் வரமுன் உங்கள் கரை எப்படி இருந்தது?" சுத்தமாக இருந்தது என்று நீங்களும் நானும் சத்தியம் செய்யலாம். அதை எண்ணாக ஏற்கமாட்டார்கள். எந்த இடத்தில், எந்தத் திகதியில், எந்த முறையில் எண்ணினீர்கள் என்று கேட்பார்கள்.

மீன் சாப்பிடலாமோ என்று கேட்டவர்களுக்கு நான் அப்போது எழுதிய பதில் இது. மணி மீனுக்குள் போனால் குடலில் இருக்கும். குடல் நீக்கிக் கழுவிய மீனில் அது கோப்பைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. முழுதாகச் சாப்பிடும் நெத்தலி வேறு கதை. மணியோடு வரும் இரசாயனம் தசைக்குள் எவ்வளவு போகிறது என்பது சோதித்தால்தான் தெரியும். நான் மீன் சாப்பிட்டேன். ஆனால் நான் சாப்பிட்டது ஒரு பரிசோதனை முடிவு அல்ல.

சங்கம் நூற்றாண்டு நினைவாகப் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறது. மண்டபத்துக்குக் கூரை போடுகிறவர்கள் போடட்டும். நான் கேட்பது ஒரு கயிறும் ஒரு அரிதட்டும் ஒரு தடித்த கொப்பியும். கரையில் 100 மீற்றர் நீளமான ஓர் இடத்தை நிரந்தரமாகத் தெரிவுசெய்யுங்கள். ஐரோப்பாவின் வடகடல் நாடுகள் கரைக் குப்பையை எண்ணுவதும் 100 மீற்றரில்தான். மாதம் ஒருமுறை, வற்று நேரத்தில், கடைசியாகத் தண்ணீர் ஏறிய கோட்டின் வழியே பத்துச் சதுரம், ஒவ்வொன்றும் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர். சதுரம் எங்கே விழவேண்டும் என்பதைக் கரைக்குப் போகுமுன் வகுப்பில் இருந்தே குறித்துவிடவேண்டும். போய்ப் பார்த்துவிட்டு மணி கூடின இடத்தில் கயிறு போடக்கூடாது. பிள்ளைகளுக்கு அந்த ஆசை வரும். மேல் இரண்டு சென்ரிமீற்றர் மணலை அரித்து எண்ணுங்கள். எரிந்தது வேறு, எரியாதது வேறு. வெறுங்கையால் தொடாமல் கையுறை போடுங்கள். ஒரு மணியும் கிடைக்காத மாதத்தில் பூச்சியம் என்று எழுதவேண்டும். பக்கத்தை வெறுமையாக விடக்கூடாது. நாளைக்கு ஒரு வழக்கறிஞர் அந்தக் கொப்பியைத் திறந்தால் அவர் தேடப்போவது அந்தப் பூச்சியங்களைத்தான்.

இந்த மண்டபத்தில் இருக்கும் பிள்ளைகளில் இரசாயனம் படிக்கப்போகும் ஒருத்தியாவது, ஒருநாள் கொழும்பில் நியமங்கள் எழுதும் குழுவின் மேசையில் இருந்து, நண்டின் மஞ்சளையும் அளக்கவேண்டும் என்று சொல்லவேண்டும். அதற்கிடையில் மாதிரிகளைக் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் அல்ல. திகதி, இடம், எடுத்தவர் பெயர் மூன்றையும் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பேனை மை உப்புத்தண்ணீர் பட்டால் ஊறிவிடும்.